மீதி இருமல்

மருதப்பனுக்கு இருமல் எப்போதும் நான்காகத்தான் வரும். ஐந்து மாதமாகக் கேட்டுக் கேட்டு அவருடைய மனைவி கண்மணிக்கு அது பாடமாகிவிட்டிருந்தது. முதல் இரண்டும் வறட்டு இருமல், மூன்றாவது நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வரும், நான்காவது முடிந்ததும் துப்புவதற்கு எனாமல் குவளையைக் கேட்டுக் கை நீட்டுவார். அன்று சாயங்காலம் இரண்டோடு நின்றது. கண்மணி குவளையைப் பிடித்தபடி காத்திருந்தாள். மூன்றாவதும் நான்காவதும் வரத்தான் செய்தன. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தன.

தேக்கா சந்தையை ஒட்டிய அந்தக் கடைவீட்டு மாடியில் ஐந்து குடித்தனங்கள். தடுப்புப் பலகைகள் கூரையைத் தொடாமல் மேலே ஒரு முழம் விட்டிருந்ததால், ஒருவர் வீட்டுக் கருவாட்டு வாசனையும் ரேடியோவும் சண்டையும் எல்லாருக்கும் பொது. அடுத்த அறையில் ரத்தினம்மா இருந்தாள். தனிக்கட்டை, புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அம்மியில் மிளகாயும் மஞ்சளும் அரைத்து உருட்டிச் சந்தையில் விற்கிறவள். மிளகாய் நெடிக்கு இருமாமல் என்ன செய்வாள் என்று கண்மணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, குவளையைக் கீழே வைக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி சொல்லியிருந்தார்கள். நல்ல செய்திதானா என்று கேட்டால் கண்மணிக்குச் சொல்லத் தெரியாது. இருபத்தைந்து நாள் அவர் நெஞ்சுக்குக் கரண்ட் வைத்து முடித்தபின், டாக்டர் பழைய எக்ஸ்ரே படத்தையும் புதியதையும் வெளிச்சத்தில் பிடித்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மிஸ்ஸி அதை எடுத்துச் சொன்னாள்.

"நுரையீரல் கட்டி எலுமிச்சம்பழம் சைஸ்ல இருந்துச்சும்மா. இப்ப பாதியா சுருங்கிருச்சு."

"மீதி?"

"இருக்கு. அப்படியே நிக்கலாம், திரும்ப வளரலாம். ரெண்டு மாசம் கழிச்சுப் படம் எடுத்துப் பார்ப்போம் லா."

பாதிக்கு எப்படிச் சந்தோஷப்படுவது? பாதி பிழைத்தார் என்று யாராவது சொல்வார்களா? பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "பாதி போச்சு புள்ள" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கண்மணிக்கு அழுகைதான் வந்தது. போன பாதி எங்கே போனது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் எல்லாரும் விசாரித்தார்கள். ரத்தினம்மா மட்டும் தன் அறை வாசலில் நின்று, இடது மார்புக்கு மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். "இங்கதானே இருந்துச்சு?" என்றாள். அந்த இடத்தை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கண்மணி எண்ணிக்கொண்டே இருந்தாள். இங்கே இரண்டு, அங்கே இரண்டு. விடிகாலையில் அம்மி ஓடும் சத்தத்துக்கு நடுவிலும் இரண்டு, இரண்டு. மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் அந்தப் பக்கமும் பாய் சரசரக்கும். அவர் மூச்சு ஏறும்போது அங்கே ஒரு மூச்சு ஏறும், இறங்கும்போது இறங்கும். இடையில் உட்கார்ந்திருக்கும் கண்மணியின் மூச்சு மட்டும் எதிலும் சேராமல் தனியாக ஓடும். பதினெட்டு வருஷம் கூடப் படுத்தவள் அவள். அவர் மூச்சோடு தன் மூச்சு ஒருநாளாவது இப்படிச் சேர்ந்ததுண்டா என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை அவர் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டாள். கரண்ட் வைத்த இடம் கறுத்துக் காய்ந்திருந்தது. அந்த இடத்தைச் சுற்றி விரல்களால் மெல்லத் தடவியபோது, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது.

"அப்பாடா..."

கண்மணி கையை வெடுக்கென்று எடுத்தாள். விரலில் இருந்த தைலத்தைச் சேலையில் துடைத்தாள். துடைத்தும் அந்த வழவழப்பு போகவில்லை.

"உங்களுக்கும் அவளுக்கும் என்னங்க?"

"யாருக்கு? ரத்தினம்மாவுக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "பைத்தியமா உனக்கு? போன வருஷம் மழையில அவ அம்மிக்கல்ல மாடிக்குத் தூக்கிக் குடுத்தேன். அதோட சரி."

பொய் சொல்கிற மனுஷன் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. ஏதாவது இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டிருப்பாள். ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி பங்குக்கு வந்து நிற்கிறாள், அவளை எதைச் சொல்லித் திட்டுவது?

மறுநாள் பொதுச் சமையலறையில் ரத்தினம்மா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, காறை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில்.

"அக்கா, இந்த இருமல் எப்பலேர்ந்து?"

"அவருக்குக் கொறைஞ்ச அன்னைக்கிலேர்ந்து." மறைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "ஆத்தாகிட்ட முடிஞ்சு வச்சேன் தங்கச்சி. எனக்கு யாரு இருக்கா? அந்த நோவ எனக்குக் குடுன்னு கேட்டேன். பாதிதான் குடுத்தா."

"என் புருஷனுக்கு நீ யாரு கேக்குறதுக்கு?"

ரத்தினம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை.

"நீ கேக்கலியேம்மா."

கேட்கவில்லைதான். என் தாலியைக் காப்பாற்று, என்னைத் தனியாக விட்டுவிடாதே என்றுதான் கண்மணி தினமும் அழுதாள். எனக்குக் கொடு என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. அது இப்போது இவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்கிறதே!

சாயங்காலம் நான்கு மணிக்குப் பிடித்த மழை விளக்கு வைக்கும் நேரமாகியும் விடவில்லை. ரத்தினம்மா மசாலா உருண்டைகளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். மாடி இருண்டு, கீழ்க்கடை மூட்டைகளின் ஈரச் சாக்கு நாற்றம் படியேறி வந்தது. அவர் கட்டிலில் தெருப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்மணி பக்கத்து அறையின் துணித்திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. அம்மனுக்கு முடிந்து வைத்ததைச் சன்னதியில்தான் அவிழ்க்கவேண்டும், அதுவும் முடிந்தவள் கையால். தெரியாதவள் இல்லை கண்மணி. கையில் எடுத்தபோது முடிச்சு ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. உள்ளங்கையில் அது லேசாகப் பருத்து, பிறகு சுருங்கியது. பருத்தது. சுருங்கியது.

கீழே போடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒரு காசு. அவருடைய காக்கிச் சட்டைப் பொத்தான், அவள் வீடெல்லாம் தேடிய பொத்தான். அதைச் சுற்றி ரத்தினம்மாவின் நரைத்த முடி ஒரு சுருள்.

அந்த முடியை எடுத்து ஜன்னல் வழியாக மழையில் எறிந்தாள். தன் தலையிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் பொத்தானைச் சுற்றினாள். காசோடு அதே துணியில் வைத்து மூன்று முடிச்சு போட்டாள், ஒவ்வொன்றாக, இறுக்கி.

"பாதி வேணாம் ஆத்தா," என்றாள். "அவரோட இருமல், மூச்சு, எல்லாத்தையும் எனக்கே குடு. எவளுக்கும் ஒரு துளி கெடையாது."

முடிச்சு அசைவதை நிறுத்தியது.

திரைக்கு வெளியே வருவதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. இடது பக்கம், மேலே. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது நெஞ்சைப் பிடுங்கியது. நான்கு.

நான்கும் அவளுடையது. வாயில் இரும்பு ருசி வந்தது. வலித்தது, ஆனால் கல்யாணத்தன்றுகூட இல்லாத ஒரு பெருமையும் கூடவே வந்தது. அவரிடம் சொல்லவேண்டும். இப்போதே சொல்லவேண்டும் என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை. மழை நின்றிருந்தது. தெரு விளக்கு எரிய ஆரம்பித்து, அதன் மஞ்சள் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. அவர் மார்பு ஏறி இறங்கியது. நிதானமாக, இரைப்பில்லாமல். குணமாகிவிட்டது. முழுசாகக் குணமாகிவிட்டது! கண்மணி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

சில்லென்றிருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண் திறந்திருந்தது. கருவிழிமேல் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. இமை மூடவில்லை.

கண்மணிக்கு மூச்சு நின்றது. அவர் மார்பும் நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காது அடைத்தது. கண் இருட்டியது. தாங்க முடியாமல் அவள் காற்றை இழுத்தாள்.

அவர் மார்பு உயர்ந்தது.

விட்டாள். இறங்கியது.

மெல்ல இழுத்தாள். மெல்ல உயர்ந்தது. வேகமாக, இரண்டு முறை. அங்கேயும் இரண்டு முறை. காய்ந்த உதடுகளுக்கு இடையே காற்று விசில் மாதிரி போய் வந்தது.

படியில் காலடிச் சத்தம். ரத்தினம்மாவின் நடை, இளைப்பே இல்லாத நடை. அறைக்கு வெளியே வந்து நின்றாள்.

"தங்கச்சி, எனக்கு திடீர்னு நெஞ்சு லேசாயிருச்சு. அவருக்கு எப்படி இருக்கு? கதவத் தொற."

கண்மணி தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து கட்டிலில், அவருக்கும் சுவருக்கும் நடுவே, ஒட்டிப் படுத்தாள்.

"தங்கச்சி? அவரு பேசுறாரா? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு ஓர் அங்குலம் தள்ளி அவர் தாடையும் திறந்தது.

"நல்லாருக்காரு," என்றாள் கண்மணி. அந்தக் குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது.