மூன்று நாள் திறந்திருந்த பக்கம்

டெலிபோன் அலறியது!

எடுத்த வார்டனின் முகம் வெளுத்தது.

"நாம வெளிய ஒளிச்சு வெச்ச பொண்ணை அவ புருஷன் தேடிப் போய்க் குத்திட்டானாம்... ஆஸ்பத்திரில உயிர் இருக்காம்!"

அடிக்குப் பயந்து ஓடிவரும் பெண்களை ஒளித்துவைக்கும் காப்பகம் அது. கம்ப்யூட்டர் பார்ப்பவன் வார்டனின் கொழுந்தன். அண்ணியின் சிபாரிசில் வந்தவன். எல்லோருக்கும் 'சோடாபுட்டி'.

ஒரு மணி நேரத்தில் பெண் இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அவ ஒளிஞ்சிருந்த விலாசம் யாருக்குத் தெரியும்?"

"எங்க வெப்சைட்ல ஒரு பக்கத்துல இருக்கு மேடம். அதைத் திறக்க எனக்கு மட்டும்தான் அனுமதி."

"அப்ப சொன்னது நீங்கதான்! கிளம்புங்க ஸ்டேஷனுக்கு."

வாசலில் நின்ற வேன் டிரைவர் விசும்பினார். "எங்க வார்டனம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க மேடம்..." கண்ணைத் துடைத்தபடி வேனுக்குப் போனார்.

வார்டன் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "டேய், நீ சொல்லுடா! அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டது நீதானே?"

சோடாபுட்டி வெப்சைட்டின் அனுமதி விதிகளைத் திறந்தான்.

இரண்டு முறை படித்தான்.

'லாகின் செய்த எல்லோருக்கும் அனுமதி' என்ற வரி உச்சியில். 'வார்டனுக்கு மட்டும்' அதற்குக் கீழே. கம்ப்யூட்டர் மேலிருந்து படிக்கும்... முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும்!

மூன்று நாளுக்கு முன் ஏதோ பக்கம் திறக்கவில்லை என்று யாரோ கத்த, அவசரத்தில் அந்த வரியை மேலே ஏற்றியவன் அவனேதான். இறக்க மறந்துவிட்டான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது...

அண்ணி அவனையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்... தப்பு என்னுது. இங்க வேலை செய்யற, லாகின் இருக்கிற இருபது பேரும் அதைப் பாத்திருக்கலாம்."

"யார் பாத்தாங்கன்னு பதிவு இருக்கா?"

"அ... அதையும் வைக்கலை."

"வேற என்னத்தைத்தான்யா வெச்சே?"

அவனுக்குக் காது வரை எரிந்தது. அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"மாத்துடா," என்றாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து அவளைக் கொண்டுபோற புது விலாசத்தை இப்பதான் அதுல ஏத்தினேன்..."

வரிகளை இடம் மாற்றினான்.

பத்தாவது நிமிடம்... மறுபடி டெலிபோன்!

ஸ்பீக்கரில் போட்டான். வேன் டிரைவர்!

"தம்பி, என்னய்யா உன் வெப்சைட்டு? 'அனுமதி இல்லை'ங்குது!"

"எந்தப் பக்கம்ணே?"

"அதான்ப்பா, விலாசப் பக்கம். அம்மா ஸ்டேஷன் போயிட்டா அந்தப் பொண்ணை நான்தானே கொண்டு விடணும்? நேத்துகூட நல்லாத் திறந்துச்சே!"



இன்ஸ்பெக்டர் டெலிபோன் பக்கம் குனிந்தார். "நேத்து எதுக்குய்யா திறந்தே?"



"அ... அவ புருஷன் என் சிநேகிதன் மேடம்... குடும்பத்தைச் சேத்து வைக்கலாம்னு..."

"வேன்லயே இரு. எங்க லாக்கப்புல உனக்கு முழு அனுமதி!"

அவர் பாய்ந்து வெளியேறினார்.

சோடாபுட்டி மானிட்டருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டான். "வேலையை விட்டுடறேன் அண்ணி... உங்க மூஞ்சில முழிக்க முடியலை."

"எழுந்து வெளிய வாடா!" என்றாள் அண்ணி. "இங்க ஒளிஞ்சுக்கிற அனுமதி பொண்ணுங்களுக்கு மட்டும்தான்!"