உரசிப் பார்த்த மணி

கோடு இன்னும் காயவில்லை.

மத்தியானம் போட்ட கோடு. பதித்தது போக மீந்திருந்த டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் ஹேமடைட் என்கிற இரும்புக்கல் மணிகளில் ஒன்றை ஓர் இழுப்பு இழுத்தாள் ரூத். எஃகு மாதிரி கருத்து மினுங்கும் கல், செக்கச்செவேலென்று கோடு போட்டது. அசல் கல் அப்படித்தான் உரசும் என்று போனில் பார்த்திருந்தாள். அப்பாடா என்று மணிக்கயிற்றை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோனவள் அவள். இந்த ஐந்தாம் மாதத்திலும் உதிரம் படவே, அதை நிறுத்தும் கல் என்று கேள்விப்பட்டு மாமல்லபுரத்துக் கடையில் வாங்கி வந்தான் புருஷன் ஜோயல். சபையில் தெரிந்தால் மானம் போகும். நைட்டிக்குள் மறைத்துக் கட்டினாள். மாத்திரையோ கல்லோ, உதிரம் நின்றது. பிள்ளை தங்கினால் போதும், யார் என்ன பேசினால் என்ன?

இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெம்மேலிக் கடற்காற்று ஜன்னல் கதவை ஆட்ட, உப்பு வாடையோடு துருப்பிடித்த வாளியின் வாடையும் வீடெங்கும் பரவ, கோட்டின் ஓரத்தில் ஒரு துளி திரண்டு, தரையில் இறங்கி, அவள் நாற்காலியை நோக்கி மெல்ல ஊர்ந்து வந்தது. துடைத்தாள். துணி கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஜோயலுக்குப் போன் போட்டாள்.

“அந்த மணிய ஒரசிப் பாத்தேன்பா. கோடு இன்னும் ஈரமாவே கீது.”

பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினான் ஜோயல்.

“இன்னா ரூத்து இப்டி பண்ணிட்ட? ஒரசாதீங்கன்னு கடக்காரம்மா படிச்சிப் படிச்சி சொல்லிச்சே! கல்லு குடிச்ச ரத்தம் உள்ளயே கீதாம். வாய் தொறந்தா மூடாதாம்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ!”

“பயப்படுவன்னு வுட்டுட்டேன். கயித்த அவுத்துடு. வந்துகினே கீறேன்.”

வயிற்றில் கை வைத்தாள். காலையில் உதைத்த பிள்ளை அசையவில்லை. தட்டினாள்.

“கண்ணு, அம்மாடா.”

அசைவில்லை.

கயிற்றை அவிழ்த்தாள். உரசிய மணி உள்ளங்கையில் சுட்டது. துடித்தது. ஸ்கேன் அறையில் கேட்ட அதே துடிப்பு. குட்டித் துடிப்பு. வேகமாக.

பிள்ளை இதற்குள் இருக்கிறது. கோடு வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கர்த்தரே, இதையாவது எனக்கு விட்டுவிடும்.

போன் அடித்தது. எடுக்கவில்லை. பல்லால் கயிற்றை அறுத்தாள். மணியை வாயில் போட்டாள். வயிற்றுக்குத் திருப்பி அனுப்ப அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. விழுங்கினாள்.

மடியில் சிதறிய மற்ற மணிகளும் ஒவ்வொன்றாகத் துடிக்கத் தொடங்கின.

ரூத் அடுத்ததை எடுத்தாள்.