மூட்டை ஏன் கடித்தது?

அந்த நாய்க்கு மூட்டை என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் நாயைப் பார்த்தவர்கள் பெயரைக் குறை சொன்னதில்லை. உடம்பு முழுக்க முடி. வால் ஆடினால்தான் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியும்.

ஒரு வாரமாக மூட்டை நொண்டியது. முன்னங்கால்களின் அக்குளில் முடி சிக்குப் பிடித்துக் கட்டிகட்டியாக இறுகியிருந்தது. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் அது தோலைப் பிடித்து இழுத்தது.

"முடிதானே? வெட்டிட்டா போச்சு," என்றார் அப்பா.

அப்பா அப்படிச் சொல்லலாம். அவருடைய தொழிலே அதுதான். வீட்டின் முன்னறைதான் அவருடைய முடி திருத்தும் கடை. இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, மூலையில் துண்டுகளை முக்கியெடுக்கும் வெந்நீர்ப் பாத்திரம். இருபது வருடமாக அங்கே நின்றுகொண்டே இருக்கிறார்.

"வெட்டுங்க. ஆனா கடை மெஷினைத் தொட்டீங்கன்னா பாருங்க," என்றாள் அம்மா. "நாய் மேல ஓட்டினதை மனுஷன் தலையில ஓட்டுவீங்களா? அப்புறம் ஒருத்தர் வருவாங்களா கடைக்கு?"

அதனால் செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை நாளில், அப்பாவும் பத்து வயது மகள் சில்லுவும் மீன் தொட்டி அக்காவின் கடைக்குப் போனார்கள். மீனைத் தவிர, கிளிக்குத் தீனி, பூனைக்கு மணல், நாய்க்குச் சங்கிலி எல்லாம் அந்த அக்காவிடம் கிடைக்கும்.

"எப்படிப்பட்ட முடி அண்ணே? அடியில பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏம்மா, முடியைப் பத்தி எங்கிட்டயே கேக்கறியா?"

"தலைமுடி வேற, நாய்முடி வேற அண்ணே."

"முடின்னா முடிதான்."

அப்பா ஒவ்வொரு மெஷினாக எடுத்து ஓட விட்டார். ஒன்று கையிலேயே குதித்தது. "இது மெஷின் இல்ல, தவளை," என்று வைத்துவிட்டார். இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. "பாதியில சார்ஜ் போச்சுன்னா பாதி நாயோட நிக்கணும்." கடைசியில், நீளமான வயரோடு, அதிகம் அதிராமல் ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூடவே கழற்றி மாட்டும் இரண்டு பிளேடுகள், ஒரு சின்னத் தூரிகை, ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. பிளேடுகளில் ஒன்றில் 4 என்றும் மற்றதில் 10 என்றும் எழுதியிருந்தது.

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் மூட்டை சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. சில்லு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பா கடையில் செய்வதைப் போலவே ஆரம்பித்தார். முதலில் தண்ணீர் அடித்து முடியை நன்றாக நனைத்தார். பிறகு பத்தாம் நம்பர் பிளேடை மாட்டினார்.

"எதுக்குப்பா பத்து?"

"கடை மெஷின்ல சீப்பு மாட்டறேன்ல? நம்பர் கூடக் கூட, முடி நீளமா நிக்கும். பத்துன்னா தாராளமா நிக்கும். முதல்ல ஓர் ஓட்டு ஓட்டுவோம்."

மெஷின் மூட்டையின் முதுகில் கழுத்திலிருந்து வால் வரைக்கும் போனது. போன இடமெல்லாம் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது.

சில்லு பார்த்தாள். அப்பா பார்த்தார். மூட்டை திரும்பித் தன் முதுகைப் பார்த்தது.

"என்னங்க, ரோடு போட்டிருக்கீங்க?" என்றாள் அம்மா.

அப்பா மெஷினைச் சட்டென்று எடுத்தார். "பத்தே இப்படி மழிக்குதுன்னா, நாலு தோலையே உரிச்சிடும் போலிருக்கே!" நாலாம் நம்பரைத் தொடப் பயந்துபோய்ப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிட்டார். பத்தையே வைத்துக்கொண்டு சிக்கைப் பிடித்தார். நனைந்த சிக்கு இன்னும் இறுகிப் போயிருந்தது. மெஷின் திக்கித் திணறியது. அப்பா விடவில்லை. அக்குளிலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஐந்து நிமிடம் மூட்டை அசையவில்லை. அப்புறம் அதன் தோல் துடித்தது. காது பின்னால் போனது. அப்புறம், மெஷினைப் பிடித்திருந்த விரலைக் கடித்துவிட்டது.

ஆழமான கடி இல்லை. ஆனால் வலது கை ஆள்காட்டி விரல். டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு, விரலில் கட்டோடு வந்தார் அப்பா. மூட்டை மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. சிக்கு அப்படியே இருந்தது.

"இந்தக் கையை நம்பித்தான் இந்த வீட்ல அடுப்பு எரியுது," என்றாள் அம்மா. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். சித்தப்பாவின் மரக் கிடங்கு ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன் அண்ணி," என்றார்.

அந்தக் கிடங்கைச் சில்லு பார்த்திருக்கிறாள். தகரக் கூரை. வாசலில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு சங்கிலி.

"அம்மா, அது வேணும்னே கடிக்கலம்மா."

"வேணும்னு கடிச்சா என்ன, வேண்டாம்னு கடிச்சா என்ன? பல்லு ஒண்ணுதானே?"

சில்லு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. பத்து எப்படி மழித்தது? ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த நாய் ஆறாவது நிமிடம் ஏன் கடித்தது? சத்தம் பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் முதல் நிமிடமே கடித்திருக்க வேண்டாமா?

மறுநாள் சாயங்காலம் மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா முன்னாலேயே மெஷினை ஓட விட்டாள். மேலே படாமல், சும்மா. பத்து நிமிடம் ஓடியது. மூட்டை கொட்டாவி விட்டது. பிறகு தூங்கிவிட்டது.

அப்போ சத்தமும் இல்லை. குழப்பம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மீன் தொட்டி அக்காவிடம் ஓடினாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன், உங்கப்பா கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி ஓடிட்டார்," என்றாள் அக்கா. "நாய் பிளேடுல எல்லாம் தலைகீழ். நம்பர் பெருசானா முடி சின்னதா நிக்கும். பத்து ஒட்ட மழிக்கும். அது சிக்குக்கு. நாலு கொஞ்சம் நீளமா விடும். அது உடம்புக்கு."

"தலைக்குச் சீப்புல வேற மாதிரி, நாய்க்குப் பிளேடுல வேற மாதிரியா? யாரு அக்கா இப்படி வெச்சது?"

"வெச்சவனைப் பார்த்தா நானும் கேக்கணும். சரி, வெட்டறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"தண்ணி அடிச்சோம்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சிக்கு நனைஞ்சா இறுகும்டி! காய்ஞ்ச முடியைத்தான் வெட்டணும். நல்லா வாரித் தூசி எடுத்துட்டு வெட்டு. குளியல் எல்லாம் அப்புறம்."

"அதனாலதான் கடிச்சுதாக்கா?"

"இழுத்தா வலிக்கும்தான். ஆனா அதுக்கு முதல்லயே கத்தியிருக்குமே..." அக்காவுக்கும் தெரியவில்லை.

அப்பாவை மறுபடி வெட்டச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முதுகில் போட்ட ரோடு அவர் மானத்தைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "இதையும் நீங்கதான் வெட்டினீங்களா?" என்று கேட்டார்கள். அம்மாதான் முறைத்தாள்.

"ஒரு தடவை. இன்னொரு பல்லு பட்டுச்சுன்னா, ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன்."

சனிக்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். சில்லு அரை மணி நேரம் மூட்டையை வாரினாள். வந்த தூசியில் அவளே மூன்று முறை தும்மினாள். அப்பா பிளேடில் எண்ணெய் விட்டார். உடம்புக்கு நாலாம் நம்பர். முடி வரப்பு வரப்பாக, அழகாக, ஒரு விரல் நகத்து நீளத்துக்கு நின்றது. அப்பாவின் முகம் நாலு நாளைக்கு அப்புறம் மலர்ந்தது.

"பார்த்தியா, கையோட ராசி!"

பிறகு பத்தாம் நம்பரை மாட்டி அக்குளுக்குப் போனார். காய்ந்த சிக்கு மெதுவாக விட்டுக்கொடுத்தது. ஒரு பக்கம் பாதி முடிந்தது.

மூட்டையின் தோல் துடித்தது. காது பின்னால் போனது.

"நிறுத்துங்கப்பா!" சில்லு கத்தினாள்.

அப்பா மெஷினை நிறுத்தினார். "ஏன்? இழுக்கக்கூட இல்லையே?"

உண்மைதான். இழுக்கவில்லை. கீறவில்லை. ஆனாலும் மூட்டை அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தது. சில்லு குனிந்து பார்த்தாள். தோல் சிவந்திருந்தது.

"அப்பா, பிளேடு சுடுதோ?"

அப்பா பிளேடில் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவேயில்லை. "சுடவே இல்லையே. இது எனக்குத் தெரியாதா? அன்னைக்கும் தொட்டுத்தான் பார்த்தேன்."

சில்லு பேந்தப் பேந்த விழித்தாள். சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை, சூடும் இல்லை. அப்போ என்னதான் வேண்டும் இந்த நாய்க்கு? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே ஓர் இரவுதான் இருந்தது.

வேறு வழி தெரியாமல், தன் மணிக்கட்டின் உள்பக்கத்தைப் பிளேடில் வைத்தாள்.

"ஆ!" கையை உதறினாள்.

"என்னடி?"

"சுடுதுப்பா!"

அப்பா மறுபடியும் தொட்டார். "எங்க சுடுது?"

"அம்மா, நீங்க தொடுங்களேன்!"

அம்மா வந்து ஒரு விரலை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். "அடேயப்பா! இதுல தோசையே சுடலாம்! இதையா அந்த வாயில்லாப் பிராணி மேல வெச்சீங்க?"

அப்பா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூலையில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார். கொதிக்கக் கொதிக்க இருக்கும் துண்டை ஒரு நாளைக்கு முப்பது தடவை வெறும் கையால் பிழிகிறவர் அவர். இருபது வருடமாக.

"எனக்குச் சூடு தெரியறதே இல்லை போல," என்றார் மெதுவாக.

அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சில்லு மணிக்கட்டை வைத்தாள். "சூடு" என்றால் நிறுத்தம். பிளேடைக் கழற்றிக் குளிர்ந்த தரையில் வைத்தார்கள். பல் இடுக்கில் அடைத்திருந்த முடியைச் சில்லு தூரிகையால் தட்டினாள். முடி அடைத்தால்தான் இன்னும் வேகமாகச் சுடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். ஆறியதும் ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி ஓட்டம். இரண்டு மணி நேரம் ஆனது. கடைசிச் சிக்கு, காய்ந்த தேங்காய் நார் மாதிரி கழன்று விழுந்தபோது, மூட்டை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து நடந்தது. நான்கு காலும் ஒழுங்காகத் தரையில் பட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா வண்டியோடு வந்தார். வாசலில் மெலிந்த நாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"இது யாரு? மூட்டை எங்க அண்ணி?"

"இதுதான் மூட்டை," என்றாள் அம்மா. "நீங்க வேற நாய் பார்த்துக்குங்க. இது வராது."

"கடிக்குதுன்னு சொன்னீங்களே?"

"அது கடிச்சதுல ஒரு நியாயம் இருந்துச்சு." அதற்கு மேல் அம்மா விளக்கவில்லை.

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த வழி வீணாக வேண்டாம் என்று, "சரி அண்ணே, எனக்காவது வெட்டி விடுங்க," என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

அப்பா கடை மெஷினை எடுத்தார். ஒரு பக்கம் ஓட்டினார். காதுக்குப் பக்கத்தில் போகும்போது நிறுத்தினார்.

"சில்லு, கொஞ்சம் வா."

சில்லு வந்து மணிக்கட்டை நீட்டினாள். "சூடுப்பா."

அப்பா மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஆறுவதற்காகக் காத்திருந்தார். சித்தப்பா கண்ணாடி வழியாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, சின்ன வயசுலேர்ந்து உங்ககிட்டத்தான் வெட்டிக்கிறேன். காதுகிட்ட வந்தா துள்ளுவேன். நீங்க 'ஆடாம உக்காருடா'ன்னு நறுக்குன்னு தலையில குட்டுவீங்க. அது... இதுதானா?"

அப்பா சீப்பை எடுத்து ரொம்பக் கவனமாகத் துடைத்தார்.

"கடிச்சிருக்கணும்," என்றார் சித்தப்பா. "எனக்குத்தான் தோணாம போச்சு."