எண்ணித் தொடங்கும் குரல்

ஒலிப்பதிவாளர் பாட்டை மறுபடி ஓடவிட்டபோது, இசை எழுவதற்கு முன்னால் யாரோ தொண்டையைச் செருமி, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணுவது கேட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பாடும் அறைக்குள் ஹெட்ஃபோனோடு நின்றிருந்த பாடகி அதைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரியும். எட்டு வருடம் ஒவ்வொரு பாட்டையும் அப்படி எண்ணித் தொடங்கியவன், பேஸ் கிட்டார் வாசித்த, எல்லோரும் 'தாடி' என்று கூப்பிட்ட நண்பன். கச்சேரி முடிந்து திரும்பிய வேன் ஏரிக்குள் பாய்ந்ததில் அவனும், கீபோர்டுக்காரனும், லீட் கிட்டார்காரனும் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. ரயிலில் வந்ததால் தப்பியது அவளும், டிரம்ஸ் வாசிக்கும் அவள் அண்ணனும்தான். புது ஆட்கள் மூவரைப் பிடித்து, குழுவின் பெயரை மாற்றி, பழைய பாட்டு எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, இன்றுதான் முதல் பதிவு.

"நம்மள்ல யாரும் எண்ணலையே அண்ணா."

"பழைய பதிவு ஏதாவது கலந்திருக்கும். விடும்மா."

சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தான். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

மறுபடி தொடங்கினார்கள். எதிரொலியைத் தடுக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகைகளிலிருந்து பாசியும் சேறும் கலந்த வாடை மெல்லக் கிளம்பி அவள் மூக்கில் ஏறியது. ஹெட்ஃபோனுக்குள் எண்ணும் குரல் இப்போது தடித்து, அதன் அடியில் கீபோர்டுக்காரனின் மழலை கலந்த "மூணு"வும் இழுபட்டு வந்தது. புதியவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு மைக்காக அணைத்தார். பேஸ். கிட்டார். டிரம்ஸ். குரல் நிற்கவில்லை.

"மேடம், இது உங்க மைக்லேர்ந்துதான் வருது."

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

புது ஆட்கள் கிட்டாரைக்கூட உறையில் போடாமல் வெளியேறினார்கள். ஒலிப்பதிவாளர் அவர்களுக்கும் முன்னால் போய்விட்டார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் துடித்தன. ஈரம். சில்லென்ற ஈரம். 'வீட்டுக்குப் போலாம் அண்ணா' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணு," என்றது தாடியின் குரல்.

அண்ணன் உள்ளே வந்து கதவைத் தாழிட்டான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. பயத்தினால் அல்ல.

"இவ்வளவு நாள் எங்கடா போயிருந்தீங்க?"

அவளிடம் அவன் கேட்கவில்லை.

வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பின்னால் நகர்ந்தாள். சுவர். வாயைப் பொத்தியிருந்த அவள் கைகளை அவன் பற்றி, குழந்தையிடமிருந்து பொம்மையை வாங்குவதுபோல அத்தனை மென்மையாக, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். விரலிடுக்குகளில் கலங்கிய ஏரித்தண்ணீர் வழிந்தது. மூன்று பேர் ஒரே வாயால் மூச்சு இழுத்தார்கள்.