திருப்பிவிட்ட முகவரி

மதிய வெயிலில் பீளமேட்டு பம்ப் கம்பெனிக்குள் நுழைந்த துளசிமணி, இறந்துபோன புருஷனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கனகராஜ் பார்த்த வேலையைக் கம்பெனி அவளுக்கே கொடுத்திருந்தது. பம்ப் மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது என்று விளக்கும் இன்டர்நெட் பக்கங்களைப் பராமரிக்கும் வேலை. இன்டர்நெட்டா, கிலோ என்ன விலை என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது.

கனகராஜ் மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்தவன். அகாலச் சாவு என்று பிணத்தை வாசல் வழியே எடுக்காமல், பின்சுவரை இடித்து எடுத்து, பிறகு பூசி அடைத்தார்கள். திரும்பிவர வழி தெரியக்கூடாதாம். துளசிமணிக்கு அதுவும் போதவில்லை. அடித்தடித்து அவளை மரத்துப்போக வைத்தவன் அவன். சொந்தக்காரர் யாருக்கும் சொல்லாமல் உக்கடத்தில் வாடகைக்குக் குடிபோனாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், புருஷன் வெளியூரில் என்பாள். செத்தும் அவன் தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புது கம்ப்யூட்டருக்கு மாற்றியதில் பக்கங்களின் பழைய முகவரிகள் செத்திருந்தன. அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்று வந்தது. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது இடத்துக்குத் திருப்பிவிட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.

மேனேஜர் ரங்கராஜ் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, கனகராஜ் பேர்ல ஒரு பக்கம் இருந்துச்சுங்களே. அதை உங்க பக்கத்துக்குத் திருப்பி உட்ருங்க.”

“அழிச்சுப்போடலாங்களா சார்?”

“அவரைத் தேடி வாரவங்க முட்டிக்கிட்டு நிப்பாங்க. பாவமில்லீங்களா.”

எழுதினாள். கை தன்பாட்டுக்கு எழுதியது. சரிபார்க்க அவன் பெயரை அழுத்தினாள். திரை வெளுத்தது. அவள் பெயரும் படமும் வந்தன.

கையை எடுத்தாள்.

திரை மறுபடி வெளுத்தது. மறுபடி அவள் படம்.

மோடம் ஒயரைப் பிடுங்கினாள்.

மறுபடி வெளுத்தது.

கருகிய ஒயர் நாற்றம் மெல்லக் கிளம்பியது. அதற்குள்ளிருந்து அவன் மெல்லும் பாக்கின் வாசனை.

எழுதிய வரியை அழித்தாள். திரை அடங்கிவிட்டது. நெஞ்சு படபடக்கும் என்று பார்த்தாள். அதுகூட இல்லை. மீதிப் பக்கங்களை முடித்துக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

உக்கடத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் படியிலேயே நின்றிருந்தாள்.

“அக்கா, உங்கூட்டுக்காரர் வந்திருக்காருங்க. நல்ல மனுசன்.”

துளசிமணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“பழைய எடத்துக்குப் போயி ரொம்ப நேரம் முட்டிக்கிட்டு நின்னாராம். இன்னைக்கு மத்தியானந்தான் யாரோ இங்க திருப்பி உட்டாங்களாம்.”

“கதவு பூட்டியிருந்துச்சே.”

“தொறந்துதாங்க இருக்குது. உள்ளாறதான் உக்காந்திருக்காரு.”

துளசிமணி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளே போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.