சொல்லாமல் விட்ட ஒரு வரி

மாசி மாதத்தில் மழை மண் மணக்கக்கூடாது. மொன்றியலின் வில்லரேயில் தெருவோரப் பனி இடுப்பளவு குவிந்து கிடந்தது, ஜன்னல்களைப் பிளாஸ்ரிக் ஒட்டி அடைத்திருந்தார்கள், ஹீற்றரின் காய்ந்த சூட்டில் மூக்குக்குள் தோல் வெடித்தது. ஆனாலும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை முடிந்து பின்னேரம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்த மாக்கிரட்டின் முகத்தில் முதல் மழை விழுந்த காணியின் மணம் அடித்தது. சப்பாத்தைக் கழற்றாமல் நின்றாள். மணம் கடைசி அறையிலிருந்து வந்தது. தங்கச்சி சர்மிளா படுத்திருக்கும் அறை. அங்கிருந்து பேச்சும் கேட்டது.

"அத்தான், உங்கட மண்டை மினுங்கிற மினுக்கத்துக்கு இந்த அறைக்கு லைற்றே தேவையில்லை."

"நீ கதைக்காதை. உன்ர மட்டும் என்ன, முட்டையை உரிச்சு வைச்ச மாதிரி."

சர்மிளாவுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி அவளுடைய முடி கொட்டிய மறுநாள், யாரும் கேட்காமலே, மாக்கிரட்டின் கணவன் யோசெப் தன் தலையையும் வழித்துக்கொண்டு வந்து நின்றான். பதின்மூன்று வருடத்தில் மனைவிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தறியாதவன் இப்போது மைத்துனிக்குக் கஞ்சி காய்ச்சுகிறான். மாக்கிரட்டின் வயிற்றில் பிள்ளை கலைந்த அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான்.

அவள் கதவைத் தள்ளியதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"அக்கா, மழை மணம் மாதிரி வருது என்ன? எனக்குப் பிடிச்சிருக்கு," என்ற சர்மிளா, பிறகு இருமினாள்.

எது மணக்கிறதென்று மாக்கிரட்டுக்குத் தெரியும். சர்மிளாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒரு தாளைப் பிரெஞ்சில் வாசித்தாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சணம்கூட இவளைக் கொன்றுவிடும். பச்சைக் காய்கறி வேண்டாம், பூ வேண்டாம், மண் கிட்டவே வேண்டாம். சர்மிளா கனடாவுக்கு வந்து ஒரு வருடம்தான், பிரெஞ்சு பிடிபடவில்லை. யோசெப்புக்குப் பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும் மட்டும் தெரியும். மாக்கிரட்தான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். யோசெப் முழங்காலில் நின்று சர்மிளாவின் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். மாக்கிரட் கடைசி வரியைச் சொல்லவில்லை. மறதி என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த கிழமை மன்னாரிலிருந்து அம்மா அனுப்பிய மாதா கோயில் மண் வந்தது. நோயாளியின் தலைமாட்டில் அதை வைப்பது அவர்கள் வழக்கம். யோசெப் மண்ணைத் துணியில் முடிந்து தலையணை உறைக்குள் வைத்தான். வைத்துவிட்டுக் கேட்டான்.

"பறவாயில்லைத்தானே மாக்கிரட்? தாதி இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

"இல்லை."

அது மறதி இல்லை.

இருமல் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் மாக்கிரட்டைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள்: வீட்டில் மண், பூச்சட்டி ஏதாவது இவள் பக்கத்தில் இருந்ததா? இருந்தால் இன்றைக்கே வேறு மருந்து தொடங்கவேண்டும்.

யோசெப் சர்மிளாவின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். "என்னவாம்?"

ஓம் என்று சொன்னால் தங்கச்சி பிழைக்கலாம். சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும்.

"வடிவாச் சாப்பிட்டவளோ எண்டு கேக்கிறா."

"ஓம், கஞ்சி குடிச்சவள் எண்டு சொல்லு."

மாக்கிரட் மருத்துவர் பக்கம் திரும்பி, "நோன்," என்றாள். மண் இல்லையென்று.

அன்றே வீட்டுக்கு வந்து மண்ணைப் பனியில் கொட்டினாள். தலையணையைக் குப்பையில் போட்டாள். அறை முழுக்க ஜவெல் பிளீச் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள், கண்ணெரிய, தொண்டை கமற. காலையில் எழுந்தபோது மணம் நடைக்கு வந்திருந்தது. அடுத்த நாள் குசினிக்கு. அதற்கடுத்த நாள் வேலைத்தலத்தில், உணவுத் தட்டுகளை மூடும்போது, அவளுடைய கையுறைக்குள்.

நான்காம் நாள் எடுத்த நெஞ்சுப் படத்தில் சர்மிளாவின் நுரையீரல் முழுக்கப் பூஞ்சண உருண்டைகள். மருந்தை மாற்றினார்கள். பிந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் அவள் செத்தாள். மொன்றியலில் அப்போது நிலம் கல்லாக உறைந்திருந்தது. பனி கரையும்வரை பெட்டி குளிரறையில் இருக்கும் என்றார்கள்.

கோயிலில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. யோசெப் கோட்டையும் கழற்றாமல் கடைசி அறைக்குப் போனான்.

"கொஞ்சநேரம் படுக்கப் போறன்."

"எங்கட அறையில படுங்கோவன்."

"விடு மாக்கிரட்."

கதவு மூடியது.

அவள் குசினியில் இருந்தாள். இனி இவன் எனக்குத்தான் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள். பிரிட்ஜ் உறுமி அடங்கியபின் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் அவனுடைய மூச்சு, கனமாய், சீராய், நடை வழியே வந்துகொண்டிருந்தது.

பிறகு இன்னொன்று.

மெல்லியது. ஈரமானது. அவன் மூச்சுக்கு அடியில், அவன் விட்டபின் இழுத்து, அவன் இழுத்தபின் விட்டு.

எழுந்து போனாள். கதவில் காதை வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. உள்ளே யோசெப் தூக்கத்தில் முணுமுணுத்தான். அந்தக் குரலில் அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"குளிருதோ? கிட்ட வா."

பயத்துக்கு முன்னால் வயிறு எரிந்தது. கதவைத் திறந்தாள்.

திரை விலகியிருந்தது. வெயில். எல்லாம் தெரிந்தது.

யோசெப் ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகத்தில் சிரிப்பு. அவனுக்குப் பக்கத்தில், மெத்தையில், பூஞ்சணம். சாம்பலும் பச்சையுமாய், விரல்கடை உயரத்துக்கு. ஒரு பெண்ணின் நீளத்துக்கு. பாதம். இடுப்பு. தோள். மயிரில்லாத தலை. ஒரு கை அவன் நெஞ்சின்மேல்.

அவன் மூச்சை இழுத்தான். அந்தக் கையிலிருந்த நூல்களெல்லாம் ஒன்றாக அவன் வாய்ப்பக்கம் சாய்ந்தன.

அது நெருங்கிப் படுத்தது.

யோசெப் தூக்கத்திலேயே நகர்ந்து அதற்கு இடம் விட்டான்.