டிக் சத்தமில்லாத வாட்ச்

ஸ்கூட்டரை கேட்டுக்கு வெளியே நிறுத்தியதுமே வேல்முருகனுக்கு அந்த ரீங்காரம் கேட்டது. கேட்டிருக்கவே கூடாது. அவன் பார்க்க வந்த ட்யூனிங் ஃபோர்க் வாட்ச் டிக் டிக் என்று அடிக்காது. உள்ளே கவட்டை போன்ற ஒரு சின்ன உலோகத் துண்டு செல்லின் மின்சாரத்தில் அதிர்ந்து வண்டு மாதிரி முனகும், அதுவும் காதோடு ஒட்டி வைத்தால்தான். இங்கே எலப்புள்ளிக் காற்று தென்னை மட்டைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது, வாளையார்ப் பக்கம் போகும் லாரிகள் ஓயாமல் இரைந்தன, அத்தனைக்கும் அடியில் அது மெல்லிசாக, விடாமல் ஓடியது. போர்வெல் மோட்டாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மத்தியான வெயிலில் அலுத்துப்போய் வந்தவனுக்கு எதையும் இரண்டாம் தரம் யோசிக்கத் தெம்பில்லை.

பழைய வாட்ச் வாங்கி விற்பது அவன் பிழைப்பு. மூணாறு எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லய வீட்டில் பிறந்து, பாலக்காட்டுக்கு வந்து, பழசையும் போலியையும் பிரித்தறிந்தே பாதி ஆயுள் போய்விட்டது. போன மாதம்தான் ஒரு வாட்சைத் திறந்து பார்க்காமல் வாங்கி, மூன்று வாட்சின் உறுப்புகளைச் சேர்த்து ஒப்பேற்றியது என்று பிறகு தெரிந்து மூக்குடைபட்டிருந்தான். சூடு கண்ட பூனை. இனி கடவுளே கொண்டுவந்து கொடுத்தாலும் பின்மூடியைத் திறந்து, செல்லைக் கழற்றிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தான்.

வாட்ச் விற்பதாகப் போன் செய்து வரச்சொன்ன யோகப்பிரியா கதவைத் திறந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் தூக்கமே இல்லாத முகம்.

"வாங்ணா. உள்ள புழுக்கமா இருக்குமுங்க. காலைல போன கரண்ட்டு இன்னும் வல்லீங்க."

அப்படியென்றால் மோட்டார் இல்லை. வேல்முருகன் அதைப் பற்றி யோசிக்காமல் செருப்பைக் கழற்றினான்.

உள்ளறையில் டெட்டாலும் யூகலிப்டஸ் தைலமும் ஈரத்துணியும் கலந்த வாடை. கட்டிலில் அவளுடைய மாமனார் மாரப்பன், எலும்பின்மேல் தோலைப் போர்த்தியது போலக் கிடந்தார். போர்வைக்கு மேலே இருந்த இடது கையில் அந்த வாட்ச். ரீங்காரம் இங்கே தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது.

"டாக்டரு இன்னைக்கோ நாளைக்கோன்னாருங்க. அது ஆச்சு ரெண்டு வருசம்," என்றாள். "எங்கூட்டுக்காரருக்குக் கோயமுத்தூர்ல வேலை, ஞாயித்துக்கெழமதான் வருவாரு. திருப்பிப் போடறது, தொடைக்கறது, துணி மாத்தறது, எல்லாம் நாந்தானுங்க. கை ஓஞ்சு போச்சுங்ணா."

"பெரியவருக்கு எதும் தெரியுதா தங்கச்சி?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அந்த வாட்ச்சுதான் அவரப் புடிச்சு வெச்சிருக்குது. அது நின்னா மாமாவும் நிம்மதியாப் போயிருவாரு. எனக்கு நிறுத்தத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் தைரியம் வராது."

அலுத்துப்போன பெண்ணின் பேச்சு என்று அவன் எடுத்துக்கொண்டான். பாவமாகவும் இருந்தது. வாட்ச் நின்று யார் செத்தார்கள்? அப்படியென்றால் ஊரிலுள்ள வாட்ச் கடைக்காரனெல்லாம் கொலைகாரன்தான்.

பட்டையை அவிழ்த்தான். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, நீரில் ஊறியதுபோல் சுருங்கி, மிக லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. பார்வையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், கண்ணில் லென்ஸை இடுக்கி, வாட்சை வெளிச்சத்தில் பிடித்தான். முகப்புத் தட்டே இல்லாத மாடல், உள்ளுறுப்பெல்லாம் கண்ணாடி வழியே தெரிந்தது. செம்புக் கம்பிச் சுருள் இரண்டும் அறுபடாமல் இருந்தன. எந்தத் திருகிலும் கீறல் இல்லை. விநாடி முள் நின்று நின்று போகாமல் எண்ணெய் வழிவதுபோல் வழுக்கிச் சென்றது. ஒட்டுப்போட்டதில்லை, அப்பட்டமான அசல். ஒரு கணம் சோர்வெல்லாம் விட்டுப்போய் அவனுக்குச் சிரிப்பே வந்தது.

பின் வழக்கம்போல் வாட்சைத் தாடை எலும்பில் வைத்தான். எலும்பு பொய் சொல்லாது. ரீங்காரம் பற்களில் ஏறியது. அதற்குள்ளே இன்னொன்று இருந்தது. மேலே போய் கீழே வரும் ஒரு மூச்சு. கட்டிலைப் பார்த்தான். மாரப்பனின் நெஞ்சு அதே ஏற்ற இறக்கத்தில் ஏறி இறங்கியது.

திறக்காமல் போய்விடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தான். ஆனால் கை பழகிய கை. ஒரு ரூபாய்க் காசைப் பின்மூடிப் பள்ளத்தில் வைத்துத் திருப்பியது. செல் உள்ளங்கையில் விழுந்தது.

ரீங்காரம் நின்றது.

காற்றும் லாரியும் சட்டென்று மிகப் பக்கத்தில் கேட்டன. மாரப்பனின் நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை.

யோகப்பிரியா சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தாள். "அப்பாடா," என்றாள்.

அந்த ஒரு சொல்தான் அவனைக் கலங்கடித்தது. பையிலிருந்து மீட்டரை எடுத்து அதன் முனைகளைச் செல்லில் வைத்தான். மீட்டர் முள் அசையவில்லை. பச்சைக் களிம்பு பூத்த, எந்தக் காலத்திலோ தீர்ந்துபோன செல். இதில் எதுவும் ஓடியிருக்க முடியாது.

நான் கொன்றுவிட்டேன். ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன். வேறு நினைப்பே வரவில்லை. பையைத் துழாவிப் புதுச் செல் ஒன்றை எடுத்தான்.

"போடாதீங்ணா," என்றாள் அவள். "உங்களக் கும்படறனுங்க. போடாதீங்க."

போட்டுவிட்டான்.

போட்டபிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துச் செல் இப்போது கிடைப்பதில்லை. இப்போதைய செல்லுக்கு வலு கூடுதல். உள்ளே திருத்தாமல் போட்டால் சக்கரம் ஒரு பல் நகரவேண்டிய இடத்தில் இரண்டு பல் தாவும், வாட்ச் இரட்டை வேகத்தில் ஓடும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவனே படித்துப் படித்துச் சொல்லும் விஷயம்.

ரீங்காரம் வந்தது. முன்பைவிடக் கீச்சென்று.

விநாடி முள் ஓடியது. வழுக்கவில்லை, ஓடியது.

கட்டிலில் நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. வெயிலில் ஓடிவந்த நாயின் மூச்சு. மாரப்பனின் கண்கள் திறந்தன. இமைகள் படபடவென்று அடித்தன.

செல்லைப் பிடுங்கினான்.

முள் நிற்கவில்லை.

வாட்சைக் கீழே போட்டான். மிதித்தான். கண்ணாடி நொறுங்கியது. ரீங்காரம் நிற்கவில்லை. அது இப்போது வாட்சிலிருந்து வரவில்லை.

இரண்டு வருஷம் அசையாத மனிதர் எழுந்து உட்கார்ந்தார். தலை சின்னச் சின்னதாக வெட்டி வெட்டித் திரும்பி மருமகளைத் தேடியது. வாய் திறந்தது.

"பசிக்குதுபசிக்குதுபசிக்குது."

யோகப்பிரியா அழவில்லை. கையை ஊன்றி எழுந்து சமையலறைக்குப் போனாள், கஞ்சிப் பானையோடு வந்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு கரண்டி ஊட்டினாள். அடுத்ததை மொள்ளுமுன் வாய் திறந்திருந்தது. வேகமாக ஊட்டினாள். அப்போதும் திறந்திருந்தது. கஞ்சி தாடையில் வழிந்தது, போர்வையில் வழிந்தது. வாய் மூடியது, திறந்தது, மூடியது, திறந்தது. அவள் கை அதற்கு ஈடு கொடுக்க ஆரம்பித்தது.

வேல்முருகன் வாசலுக்குப் போக நினைத்தான்.

"தங்கச்சி," என்றான். "விட்டுட்டு வா. வந்துரு."

பானை காலியாகிவிட்டது. கரண்டி நிற்கவில்லை. வெறும் கரண்டி பானைக்கும் வாய்க்கும் போய்ப் போய் வந்தது.

அவன் குரல் கேட்டு அவள் திரும்பினாள். அவளுடைய இமைகளும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.